விதைக்கு வேண்டியது குளிரா, காய்ச்சலா?

போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் விதை வங்கி பற்றிப் பேச்சு வந்தது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, ஒரு அறை கட்டி ஏ.சி. போட்டுவிடலாம் என்றார்கள் இளைஞர்கள். "மதுரை வெயில்ல விதை வெந்து போகுதுண்ணே" என்றான் ஒரு தம்பி. அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. சித்திரையில் 40 டிகிரியைத் தொடுவது இங்கே புதிதல்ல. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

விதைக்கு உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது. ஈரமும் சூடும் கூடினால் மூச்சு வேகமாகி, உள்ளே சேர்த்து வைத்த சத்து கரைந்துவிடும். பூஞ்சாணமும் வண்டும் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும்.

நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 35 டிகிரி அறையை 25க்கு இறக்கினால் ஆயுள் நாலு மடங்கு. அதற்கு ஏ.சி. ராத்திரி பகலா ஓடணும். 13 சதவீத ஈரமுள்ள நெல்லை 11க்குக் காயவைத்தாலும் அதே நாலு மடங்குதான். அதற்குக் கரண்ட் பில் கிடையாது.

குளிரை மட்டும் நம்பி நான் பட்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கத்தரி விதையைக் காகிதப் பையில் போட்டு வீட்டு பிரிட்ஜில் வைத்தேன். ஐப்பசி மழையில் அடிக்கடி கரண்ட் போனது. கரண்ட் போனால் புழுக்கக் காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த பொருள் மேல் வேர்க்கும். தையில் எடுத்தால் பாதி பூஞ்சாணம். நூறு விதைக்கு இருபதுகூட முளைக்கவில்லை. எங்க அம்மா காலத்து ரகம் அது. பக்கத்து ஊர் அக்காவிடம் ஒரு பிடி இருந்ததால் தப்பியது.

ஆக, நம் சமவெளியில் சித்திரை வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குத்தான் பயப்படணும். சம்பா அறுப்பு தை, மாசியில் முடிகிறது. அதன்பின் வறண்ட காற்று சும்மா கிடைக்கிறது. அப்போதே காயவைத்துவிட வேண்டும். காலை 8 முதல் 12 வரை, மாலை 3 முதல் 5 வரை போதும். உச்சிவெயில் விதைக்கு ஆகாது. சாக்கு மூட்டையில் வைக்கும் நெல் விதைக்கு 13 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். காற்றுப்புகாத டின்னில் அடைப்பதானால் 8க்கு வரணும் என்கிறது விதைச் சான்று விதி. அரைகுறையாகக் காய்ந்ததை அடைத்தால் உள்ளேயே புழுங்கிச் செத்துப்போகும். கடைசி ஈரத்தை வாங்க, நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து டின்னுக்குள் போடலாம். டின்னை மழை நாளில் திறக்காதீர்கள்.

அறையும் வேண்டும்தான். ஆனால் மேற்கு வெயில் படாத அறை, மொட்டைமாடிக்கு மேல் கீற்றுப் பந்தல், சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, தரையில் மரப்பலகை. இவை போட்ட பிறகும் சூடு தாங்கவில்லை என்றால் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம்.

உலகமே விதையைக் குளிரில்தானே வைக்கிறது என்று கேட்கலாம். டெல்லியிலுள்ள தேசிய மரபணு வங்கி மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறது. அது பல பத்தாண்டுகளுக்கு. அங்கேயும் முதலில் காயவைத்துத்தான் உறையில் அடைக்கிறார்கள். 2008இல் நார்வேயின் ஸ்வால்பார்டில் திறந்த விதைக் கிடங்குக்கு, எப்போதும் உறைந்தே கிடக்கும் மலையைத் தேடிக் குடைந்தார்கள். மலை தரும் குளிர் போக மிச்சத்துக்குத்தான் இயந்திரம். அவர்களுக்குப் பனிமலை கொடுத்ததை, நமக்கு மாசிக் காற்று கொடுக்கிறது.

நம் விதை அடுத்த பட்டத்துக்கே மண்ணுக்குப் போகிறது. ஆகவே அந்தப் பணத்தில் ஒரு ஈரமானியும் நல்ல டின்களும் வாங்குவோம். ஒவ்வொரு ரகத்தையும் குறைந்தது மூன்று வீட்டில் பிரித்து வைப்போம். என் கத்தரியைக் காப்பாற்றியது பிரிட்ஜ் இல்லை, அந்த அக்கா வீட்டுப் பானைதான்.