உங்கள் தமிழும் ஒரு மருத்துவக் கருவி

மாணவர்களே, இப்படி ஒரு காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். பசியாறிக் கொண்டிருந்த உங்கள் பாட்டியின் வாய் திடீரென ஒரு பக்கமாகக் கோணுகிறது. வலது கையில் இருந்த கோப்பை நழுவி விழுகிறது. நீங்கள் 999-ஐ அழைக்கிறீர்கள். மருத்துவமனையில் டாக்டர்கள் பாட்டியைக் காப்பாற்றி விடுகிறார்கள். வந்தது பக்கவாதம்.

சில நாள்கள் கழித்துப் பாட்டி உங்களைப் பார்க்கிறார். உங்களை நன்றாக அடையாளம் தெரிகிறது. ஆனால், பெயர் வாயில் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் “அது... அது...” என்று மேசையைக் காட்டுகிறார். அவர் தோட்டத்தில் பிறந்து தமிழிலேயே வாழ்ந்தவர். கடைக்குப் போய்வரும் அளவுக்கு மலாய் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

உயிர் பிழைத்துவிட்டார். இனி அவருடைய சொற்களை யார் மீட்டுத் தருவது?

மருத்துவம் என்றதும் நம் வீடுகளில் டாக்டர் என்ற ஒரே சொல்தான் ஒலிக்கிறது. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காவிட்டால்தான் மற்றவற்றைப் பார்க்கலாம் என்கிறோம். என் கருத்தில் இந்த வரிசையே தவறு. பாட்டியின் அடுத்த சில மாதங்கள் எப்படி அமையும் என்பது பெரும்பாலும் மறுவாழ்வுச் சிகிச்சையாளர்களின் கையில் இருக்கிறது.

பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையைப் படித்தவர் பாட்டியை மறுபடி உட்கார, நிற்க, நடக்கப் பழக்குவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் என்றால் வேலை தேடித் தருபவர் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைப் பொத்தானைப் போடுவது, சேலை கட்டுவது, ஒரு கையால் சமைப்பது போன்ற அன்றாடச் செயல்களை மீட்டுத் தருவதே அவர் பணி. பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சையும் மொழியையும் கவனிப்பார். விழுங்குவதையும் அவரே சோதிப்பார் என்பது பலருக்குத் தெரியாது. பக்கவாதத்தால் தொண்டைத் தசைகள் தளர்ந்தால், தண்ணீர், தே ஓ போன்ற மெல்லிய பானங்கள் உணவுக் குழாய்க்குப் பதிலாக மூச்சுக் குழாய்க்குள் நுழையலாம். அதனால் நுரையீரலில் கிருமித்தொற்று ஏற்படும். எதைக் குடிக்கலாம், எவ்வளவு கெட்டியாகக் குடிக்கலாம் என்று முடிவு செய்வதில் உயிரே அடங்கியிருக்கிறது.

பாட்டியின் கோப்பை ஏன் வலது கையிலிருந்து விழுந்தது? இடப்பக்க மூளைதான் வலப்பக்க உடலை இயக்குகிறது. பெரும்பாலானோருக்கு மொழியும் இடப்பக்க மூளையில்தான் குடிகொண்டிருக்கிறது. 1861-இல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைச் சந்தித்தார். பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. ஆனால், எதைக் கேட்டாலும் “டான்” என்ற ஓர் ஒலியே பதிலாக வந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது, இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கும் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் வலுவாக நிலைநாட்டப்பட்டது.

இறந்துபோன மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. ஆனால், மீண்டும் மீண்டும் பழகும்போது மற்ற பகுதிகள் புதிய நரம்பிணைப்புகளை உருவாக்கி அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக் கொள்கின்றன. மறுவாழ்வுச் சிகிச்சையின் அடிப்படை இதுதான். சரியான பயிற்சியைச் சரியான அளவில் கொடுப்பதற்கு உடற்கூறும் நரம்பியலும் உளவியலும் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சுச் சிகிச்சைக்கு இன்னொன்றும் வேண்டும். அது நோயாளியின் மொழி.

சிகிச்சையாளர் மலாயில் கேட்கிறார். அத்தை மொழிபெயர்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். “நேற்று எங்கே போனீர்கள்?” என்ற கேள்விக்குப் பாட்டி, “நேத்து... கோயில்... போவான்” என்கிறார். அத்தை உடனே மலாயில், “நேற்றுக் கோயிலுக்குப் போனாராம்” என்று சொல்லிவிடுகிறார். அன்பினால் செய்த உதவிதான். ஆனால், பாட்டியின் பேச்சில் இருந்த மூன்று பிழைகளும் அந்த ஒரு நொடியில் மறைந்துவிட்டன. ‘கு’ உருபு விழுந்துவிட்டது. காலம் மாறிவிட்டது. ‘போனேன்’ என்பதற்குப் பதிலாக ‘ஆன்’ விகுதி வந்துவிட்டது. மலாயில் ‘பெர்கி’ என்ற வினை நேற்றைக்கும் நாளைக்கும், எனக்கும் அவருக்கும் மாறாமல் நிற்கும். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அங்கே இடமே இல்லை. நீங்கள் வகுப்பில் சலிப்போடு படிக்கும் வேற்றுமை உருபும் விகுதியும் இங்கே நோயை அறியும் தடயங்கள்.

குழந்தைகளிடமும் இதே சிக்கல்தான். நான்கு வயதுப் பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறது. இது பேச்சுக் குறைபாடா? அந்த வீட்டில் எல்லாருமே ‘பளம்’ என்றுதான் சொல்கிறார்கள் என்றால், பிள்ளை கேட்டதைச் சரியாகத்தான் கற்றிருக்கிறது. தமிழர் வீடுகளின் பேச்சு வழக்கை அறியாதவர் அதைக் குறையாகக் குறித்துவிடலாம். உண்மையான குறையை, “மூன்று மொழி கலந்த வீடு, அதனால்தான்” என்று விட்டுவிடவும் கூடும். ஆங்கிலத்தில் உருவான சோதனையைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தாலும் பயன்படாது. ஒவ்வொரு மொழியின் ஒலிகளையும் பிள்ளைகள் எந்த வயதில் கற்கிறார்கள் என்பது வேறுபடும்.

தமிழ் தெரியாத சிகிச்சையாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் படங்களையும் சைகைகளையும் பயன்படுத்தித் தங்களால் இயன்றதைச் செய்கிறார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அவர்களோடு சேர வேண்டும் என்பதே என் வாதம். தேவையும் குறையப் போவதில்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடம் அந்த விகிதம் மேலும் அதிகம். நீரிழிவு பக்கவாத ஆபத்தைக் கூட்டும் நோய் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சரி, எங்கே படிப்பது? மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலம் கோலாலம்பூரில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு முதல் அங்கே பேச்சு அறிவியலும் செவிப்புல அறிவியலும் கற்பிக்கப்படுகின்றன. கிளந்தானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுகாதார வளாகத்திலும், குவாந்தானில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழக வளாகத்திலும் இத்துறைப் படிப்புகள் உண்டு. பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள். உடற்கூறு, மொழியியல், ஒலியியல், குழந்தை வளர்ச்சி ஆகியவற்றோடு, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும் அதில் அடங்கும். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற வழிகளில் நுழையலாம். அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். தகுதி விதிகள் மாறக்கூடியவை என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைப் பாருங்கள்.

தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் 23 தொழில்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் பணிபுரியப் பதிவு வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் பட்டம் அந்தப் பதிவுக்கு ஏற்கப்படுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இது எளிதான வேலை என்று சொல்லமாட்டேன். பல்கலைக்கழக இடங்கள் குறைவு. பலன் மெதுவாகத்தான் தெரியும். ஒரு சொல்லுக்காக வாரக் கணக்கில் காத்திருக்க நேரும். சிலருக்கு அந்தச் சொல் வராமலேயே போகலாம். அப்போது படத்தாலும் சைகையாலும் பேச வழி காட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது.

பொறுமையும் அறிவியல் ஆர்வமும் உள்ளவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். உயிரியலைக் கைவிடாதீர்கள். அதோடு, “புள்ளி குறைந்துவிடும்”, “வேலைக்கு உதவாது” என்று சொல்லி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் விட்டுவிடாதீர்கள். வேலைக்கு உதவாது என்பது பொய் என்பதைப் பாட்டியின் ‘போவான்’ காட்டுகிறது.

தமிழில் சோதனைத் தாள்களும் பயிற்சிப் படங்களும் உருவாக வேண்டியிருக்கிறது. மொழியையும் மூளையையும் சேர்த்துப் படித்தவர்கள்தான் அதைச் செய்ய முடியும். அடுத்த முறை பள்ளியில் ஆலோசக ஆசிரியர், “என்ன படிக்கப் போகிறாய்?” என்று கேட்டால், பேச்சுச் சிகிச்சையைப் பற்றியும் அவரிடம் விசாரித்துவிட்டு வாருங்கள்.