இறங்காதீங்க சாமி!

"புதுப்பாளையம் போனா மான் மந்தை மந்தையா நிக்குதே, இதுக்குப் போயி பவானிசாகர் வரைக்கும் பெட்ரோலைக் கரைக்கோணுமா?" கேமராப் பையோடு சேவூரில் டீ குடிக்க நின்றால் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. புதுப்பாளையத்தில் இருப்பது புள்ளிமான், நான் தேடிப் போவது வெளிமான். அதன் முறுக்குக் கொம்பு கிளை விடாது, வருஷா வருஷம் உதிராது. புதருக்குள் பதுங்காமல் பொட்டல்காட்டில் நின்று மேயும். கண்ணையும் காலையும் நம்பியே பிழைக்கிற ஜீவன் அது. மிரண்டால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் போகும். இவ்வளவும் சொன்னால் டீக்கடையில் ஒத்துக்கொள்கிறார்கள்.

மானைக் கண்டதும் காரை நிறுத்தி இறங்குகிறார்களே, என் ஆதங்கமெல்லாம் அவர்கள்மேல்தான்.

பவானிசாகரை ஒட்டிய சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, நுழையவும் கூடாது. படம் எடுக்கிற எங்களுக்கு வாய்ப்பது காட்டை ஒட்டிய வெட்டவெளி ஓரம்தான். கம்பெனி லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன்னே புளியம்பட்டி வழியாகப் போய், இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். பனியன் வேஸ்ட்டைத் திணித்துத் தைத்த பையை ஜன்னலில் போட்டு, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் ஆடாது. கிடாவின் முதுகு கரிக்கறுப்பு, வயிறு சுண்ணாம்பு வெள்ளை. கறுப்புக்கு வெளிச்சம் வைத்தால் வெள்ளை எரிந்துபோகும், வெள்ளைக்கு வைத்தால் கறுப்பு அப்பிக்கொள்ளும். வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் கிளம்பி, எத்தனை லட்ச ரூபாய் லென்ஸானாலும் படத்தைக் குழைத்துவிடும். ஆகக் கிடைப்பது காலையில் கொஞ்ச நேரம்.

நின்ற வண்டியை மான் மெல்லப் பழகிக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி மேயும், காதை ஆட்டும், ஒரு எட்டு இந்தப் பக்கமும் வைக்கும். சரியாக அப்போதுதான் பின்னால் ஒரு கார் வந்து நிற்கும். நாலு கதவும் திறக்கும், 'டமார்' என்று மூடும். "டேய், அங்க பாரு மானு!" வண்டியைப் பொறுத்துக்கொள்ளும் மான், இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிற மனுஷனைப் பொறுக்காது. ஒன்று எகிறிக் குதிக்கும், மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். வந்தவர்களுக்கு செல்போனில் நாலு புள்ளி மிச்சம்.

என் படம் கெட்டது போகட்டும். வெளிமான் குட்டி பிறந்த கொஞ்ச நாளைக்குப் புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். தாய் விலகி மேய்ந்து, பால் கொடுக்கத் திரும்பி வரும். அந்தத் தாயை விரட்டினால் குட்டி என்ன பண்ணும்? இனப்பெருக்கக் காலத்தில் கிடா தனக்கென்று ஒரு இடம் பிடித்துக் காவல் காக்கும். அதையும் துரத்திவிட்டு நாம் செல்ஃபி எடுக்க வேண்டுமா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் பட்டியலில் இருக்கிற உயிரினம் இது, புலிக்கும் அதே பட்டியல்தான். அதோடு, அந்தப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. இறங்கி நிற்கிறவருக்கு மான் மட்டும்தான் எதிர்ப்படும் என்று யார் சொன்னது?

பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். பாட்டை நிறுத்துங்கள், கதவைத் திறக்காதீர்கள். இதைக்கூடச் சொல்லிப் பார்த்தாயிற்று. "சரிங்ணா, சரிங்ணா" என்று தலையாட்டிவிட்டு, கிளம்பும்போது ஒருத்தர் கேட்கிறார்: "நல்லா வந்திருந்தா வாட்ஸ்அப்ல போட்டுவுடுங்ணா."

எதைப் போட்டுவிட? அவர் விரட்டிய மானின் முதுகுப்புறத்தையா?