தந்ததை எடுக்க முந்தி...

எழுபதுகளின் இறுதியில், கொழும்பிலே ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் இளைஞனாகச் சேர்ந்திருந்தேன். இரவுக் கடமையில் கடைசிப் பக்கமும் அச்சுக்குப் போன பின்னர், முதற் பிரதி கைக்கு வரும்வரை ஒரு மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சதுரங்கப் பலகை மேசைக்கு வரும். எங்கள் ஒப்புநோக்காளர் ஒருவர், யாழ்ப்பாணத்தவர், அதிகம் பேசாதவர். அவரோடு ஆடிய முதலாவது ஆட்டத்தில் ஏழாவது நகர்த்தலிலேயே தோற்றுப்போனேன்.

அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருவரும் அரசனுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினோம். அவர் குதிரையை வெளியே கொண்டுவந்து என் சிப்பாயை மிரட்ட, நான் அரசிக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதைக் காத்தேன். அவர் மந்திரியை (பிஷப்பைத்தான் மந்திரி என்கிறேன்) என் அரசனின் பக்கத்துச் சிப்பாயை நோக்கி நிறுத்தினார். நான் என் மந்திரியால் அவருடைய குதிரையைக் கட்டினேன். குதிரை விலகினால் பின்னால் நிற்கும் அரசி போய்விடுமல்லவா? அவர் மற்றக் குதிரையை இறக்கினார். நான் ஓர் ஓரத்தில் ஏதோ ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். அவரோ கட்டுண்ட குதிரையையே தூக்கி என் சிப்பாயை வெட்டினார். அரசி இலவசம்! எடுத்தேன். அவருடைய மந்திரி செக் சொன்னது. என் அரசன் முன்னே நகர்ந்தான். இரண்டாவது குதிரை வந்து நின்றது. செக் மேற்.

"தம்பி, தாறதை எடுக்க முந்தி, ஏன் தாறான் எண்டு ஒருக்கா யோசியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் காய்களை மீண்டும் அடுக்கத் தொடங்கினார்.

நான் விழுந்த பொறி அன்றே இருநூறு ஆண்டுப் பழையது என்பது பின்னர்தான் தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கஃபே டி லா றெஜான்ஸ் என்ற கோப்பிக் கடையில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. பிலிடோர் என்னும் மேதைக்குச் சதுரங்கம் கற்பித்தவர் அவர். அந்தப் பொறி சொல்லித்தரும் பாடம் ஒன்றுதான். அரசனுக்கு முன்னால் கட்டுண்ட காய் விதிப்படி அசைய முடியாது. அரசிக்கு முன்னால் கட்டுண்ட காய் அசையலாம். விலை கொடுக்கத் துணிந்தவன் அசைப்பான். நான் பூட்டு என்று நம்பியது வெறும் கயிறுதான்.

கற்ற வித்தையைச் சும்மா வைத்திருக்க மனம் வருமா? மறுவாரமே அதே பொறியை வேறொரு நண்பருக்கு வைத்தேன். அவர் தமது அரசியின் பக்கத்துக் குதிரையை முன்னரே வெளியே எடுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆரவாரத்தோடு அரசியைக் கைவிட்டுச் சிப்பாயை வெட்டினேன். அவர் அரசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் குதிரையால் என் குதிரையை எடுத்தார். அதே குதிரை அவருடைய மந்திரிக்கும் காவலாகி நின்றது. ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைத் தாரைவார்த்திருந்தேன்.

ஒப்புநோக்காளர் பிழை எங்கே என்று காட்டினார். முதலில் கோட்டைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, எதிராளியின் மந்திரியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அது குதிரையை வெட்டினால் அரசியால் திருப்பி எடுக்கலாம், நட்டமில்லை. ஓரத்துக்குப் பின்வாங்கினால்தான் பொறி உயிர்பெறும். ஏனெனில், எதிராளி இம்முறையும் குதிரையைக் குதிரையால் எடுத்தால், காவல் இழந்து நிற்கும் மந்திரியை நம் அரசி வெட்டும். அவன் நம் மந்திரியை எடுத்தாலும், நம் அரசி செக் சொல்லிக்கொண்டே அந்தக் குதிரையையும் வாங்கிவிடும். கணக்கு முடிவில் ஒரு சிப்பாய் நம் பக்கம் மிச்சம்.

பொறி வைப்பதைப் பற்றிய என் கருத்து முழுவதும் அந்த இரவிலிருந்து வந்ததே. எதிராளி விழாவிட்டாலும் நமக்கு நட்டம் தராத பொறியே நல்ல பொறி. எதிராளி மூடனாக இருப்பான் என்ற நம்பிக்கையில் மட்டும் நிற்பது பொறியல்ல, சூதாட்டம்.

இந்தப் பழங்கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் வாழும் என் மகளின் மகனுக்குப் பத்து வயது. இணையத்தில் சதுரங்கம் ஆடுகிறான். "அம்மப்பா, ஏழே நகர்த்தலில் எத்தனை பேரை வென்றுவிட்டேன் தெரியுமா?" என்று தொலைபேசியில் குதூகலித்தான். யூரியூப்பில் பார்த்துக் கற்ற பொறியாம். விசாரித்தேன். பிளக்பேர்ன் ஷில்லிங் கம்பிற் என்று பெயர் பெற்றதுதான். மூன்றாவது நகர்த்தலிலேயே கறுப்புக் குதிரை நடுப்பலகைக்குப் பாய்ந்து, காவலற்ற ஒரு சிப்பாயைக் காட்டி ஆசையூட்டும். வெள்ளைக் குதிரை அதை வெட்டினால் கறுப்பு அரசி புறப்பட்டு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைத் தாக்கும். பேராசை தொடர்ந்தால், வெள்ளை அரசன் தன் காய்களுக்கு நடுவிலேயே மூச்சடைத்துச் சாவான். பார்க்க அழகுதான்.

அடுத்த மாதம் பாடசாலைப் போட்டி. ஒரு சிறுமி அந்தச் சிப்பாயைத் தொடவில்லை. நடுவில் நின்ற குதிரையைத் தன் குதிரையால் எடுத்தாள். பின்னர் அமைதியாகக் கோட்டை கட்டினாள். அவ்வளவுதான். அடுத்து என்ன செய்வதென்று பேரனுக்குத் தெரியவில்லை. ஒரே காயை இருமுறை நகர்த்தி அதையும் மாற்றிக்கொண்டுவிட்டான். மற்றக் காய்களெல்லாம் வீட்டிலேயே நின்றன. அழுதுகொண்டுதான் தோற்றானாம்.

அவன் தோற்றதில் எனக்குக் கவலையில்லை. அதற்கு முன் பெற்ற வெற்றிகளைப் பற்றித்தான் கவலை. அவை அவனுக்கு எதையும் கற்றுத்தரவில்லை. கிண்ணங்களை அலுமாரியில் அடுக்க ஆசைப்படும் பெற்றோரும், விரைவாக வெற்றி காட்ட விரும்பும் பயிற்றுநரும் இதைச் சிந்திக்க வேண்டும். பொறிகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கற்பியுங்கள், ஆனால் முதலில் தப்புவதற்காகக் கற்பியுங்கள். வைப்பதானால், நாம் எப்படியும் நடக்கப்போகும் பாதையில் கிடப்பதை மட்டும் வைக்கட்டும். அரசியின் சிப்பாய்த் தொடக்கத்தில் யானைப் பொறி என்றொன்று உண்டு. அதில் கறுப்பு செய்வதெல்லாம் ஒரு குதிரையை இயல்பான இடத்தில் வைப்பதுதான். மற்றக் குதிரை அரசிக்கு முன் கட்டுண்டதென்று நம்பி வெள்ளை ஒரு சிப்பாயைத் தின்றால், முடிவில் ஒரு காயை இழக்கும். தின்னாவிட்டால் ஆட்டம் வழமைபோல் தொடரும். கறுப்புக்கு எந்தக் குறையுமில்லை.

பெரியவர்களும் விழுகிறார்கள். நம் விஸ்வநாதன் ஆனந்த் 1987இல் உலக இளையோர் பட்டத்தை வென்றவர். மறு ஆண்டு சுவிற்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் சபாட்டாவிடம் ஆறே நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெட்ரோவ் தற்காப்பில், முன்னே நின்ற தன் குதிரைக்குக் காவலாக ஐந்தாவது நகர்த்தலில் மந்திரியைக் கொண்டுவந்தார். சபாட்டா அரசியை ஒரு கட்டம் நகர்த்தினார். குதிரை அரசனுக்கு முன்னால் கட்டுண்டது. இம்முறை அது கயிறல்ல, பூட்டேதான். மைல்ஸும் கிறிஸ்ரியன்செனும் 1987இல் ஆடிச் சமநிலையில் முடித்த ஆட்டமொன்றில் அதே மந்திரி நகர்த்தல் அச்சில் வந்திருந்தது. அங்கே மைல்ஸ் அதைத் தண்டிக்கவில்லை. அச்சில் வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியதே ஆனந்தின் பிழை. யாரும் அவருக்குப் பொறி வைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒருமுறை, நள்ளிரவு தாண்டிய வேளையில், வேறொரு பத்திரிகையில் வந்த ஒரு நியமனச் செய்தியை விசாரிக்காமல் எங்கள் முதற் பக்கத்தில் இட்டவன் நான். அச்சில் வந்ததுதானே என்று நினைத்தேன். மறுநாள் மறுப்பு வந்தது. அந்த மறுப்பையும் நானே எழுத வேண்டியிருந்தது. ஒப்புநோக்காளர் அதைத் திருத்தித் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவர் ஏற்கனவே சொல்லியிருந்தார்.

ஆனந்த் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். 2000இல் உலக சம்பியனானார். 2007 முதல் 2013 வரை அந்தப் பட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்தார். பேரனுக்கு அந்த ஆறு நகர்த்தல் ஆட்டத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். அழுவதற்குக் காரணமில்லை என்று அவன் அறியட்டும். கூடவே ஒப்புநோக்காளரின் அந்த ஒற்றை வாக்கியத்தையும் எழுதினேன். "எண்டு" என்றால் என்ன என்று கேட்டிருக்கிறான். அதையும் இனித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.