கட்டில் எங்கே என்றும் கேளுங்கள்



பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் வேலை கூடிவிடும். ஆறாம் ஆண்டோடு எங்களைப் பிரிந்து போன பிள்ளைகள் எஸ்.டி.பி.எம். தேர்வையோ மெட்ரிகுலேஷனையோ முடித்துவிட்டு, அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வீடு தேடி வருவார்கள். கைப்பேசியில் யு.பி.யு. விண்ணப்பப் பக்கம் திறந்திருக்கும். “சார், எதை முதல்ல போடுறது?” என்று கேட்பார்கள்.

என்ன படிப்பது என்பதைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பே பேசியிருக்கிறோம். இம்முறை எங்கே இருந்து படிப்பது என்பதைப் பேசுவோம். பாடத்தைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிற நாம், பிள்ளை எங்கே படுக்கும், என்ன சாப்பிடும், வகுப்புக்கு எதில் போகும் என்று ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத முடியும். மூன்று நான்கு ஆண்டுகள் பிள்ளை வாழப்போகிற இடம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

பெயர் ஒன்று, வளாகம் பல

முதலில் ஒரு சிறிய விஷயம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்துவிடாதீர்கள். அறிவியல் பல்கலைக்கழகம் என்றதும் நமக்குப் பினாங்கு நினைவுக்கு வருகிறது. 1969-இல் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம், முன்பு பிரிட்டிஷ் ராணுவம் தங்கியிருந்த மிண்டனில்தான் இருக்கிறது. ஆனால் அதன் மருத்துவக் கல்வி நடப்பது கிளந்தான், குபாங் கிரியானில். பொறியியல் நடப்பது தீவுக்கு இப்பால், நிபோங் திபாலில்.

தேசியப் பல்கலைக்கழகம் பாங்கியில் இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் படிப்பது செராசில். செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகத்துக்குச் சரவாக், பிந்துலுவிலும் ஒரு வளாகம் உண்டு. சபா பல்கலைக்கழகத்துக்குக் கோத்தா கினபாலு தவிர லாபுவானிலும் சண்டாக்கானிலும் வளாகங்கள் உள்ளன.

கிளந்தானோ பிந்துலுவோ மோசமான ஊர் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போகிற பிள்ளை தயாராகப் போகும். தெரியாமல் போகிற பிள்ளை முதல் வாரத்திலேயே மனம் உடைந்து, “நான் திரும்பி வந்துடுறேன்மா” என்று போன் செய்யும். ஆகவே, நீங்கள் விரும்பும் பாடம் எந்த வளாகத்தில் நடக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் அகப்பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அங்கே தெளிவாக இல்லையென்றால் தொலைபேசியில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் ஆண்டு இடி

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதலாண்டு மாணவர்களுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிடுகிறது. பெற்றோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான் தலைகாட்டுகிறது. விடுதியில் அறைகள் குறைவு, மாணவர்கள் அதிகம் என்றால் சிலர் வெளியே போகத்தான் வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு பையனுக்குத் தலைநகர்ப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். முதலாண்டு நன்றாகப் போயிற்று. இரண்டாம் ஆண்டில் விடுதி கிடைக்கவில்லை. நண்பர்கள் நால்வர் சேர்ந்து அடுக்குமாடி வீடு ஒன்று எடுத்தார்கள். வாடகை வீடு என்றால் உங்களுக்குத் தெரியுமே: இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. ஆக, உள்ளே காலை வைக்கும் முன்பே மூன்றரை மாத வாடகை எண்ணி வைக்க வேண்டும். பிறகு வகுப்புக்குப் போக மோட்டார் சைக்கிள், அதற்கு எண்ணெய். பையன் இரவில் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனான். பகலில் விரிவுரை மண்டபத்தில் தூங்கினான். ஒரு பருவம் தள்ளிப்போய்த்தான் பட்டம் வாங்கினான். அவனுக்கு மூளையில் குறைவில்லை, கட்டில்தான் இல்லை.

இங்கே பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பல பல்கலைக்கழகங்களில், விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, அந்தப் புள்ளிகளையும் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு அறை தருகிறார்கள். விளையாட்டு, கலை நிகழ்ச்சி, துப்புரவுப் பணி, செயற்குழு எல்லாம் இதில் சேரும். நாமோ, “படிக்கப் போன பிள்ளை, படிச்சா போதும். ஆட்டம் பாட்டமெல்லாம் வேணாம்” என்று புத்தி சொல்லி அனுப்புகிறோம். பிள்ளையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறது. ஆண்டு முடிவில் அறை போய்விடுகிறது. நல்ல எண்ணத்தில் சொன்ன புத்திமதிதான் பிள்ளையை வெளியே தள்ளுகிறது!

தூரம் என்ற பூச்சாண்டி

அடுத்து, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை.

கெடாவின் வடக்கே, தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் சிந்தோக் என்ற இடம். 1984-இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் 1990-இல் அங்கே குடியேறியது. ஆயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பு. சுற்றிலும் காடு, நடுவே ஆறு. பக்கத்துப் பட்டணம் சங்லூன். ஜொகூரிலிருந்து புறப்பட்டால் தீபகற்பத்தின் நீளம் முழுவதையும் பேருந்தில் கடக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு அங்கே கணக்கியல் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். பெரியப்பா வந்தார். “பொம்பளப் புள்ளய காட்டுக்குள்ள கொண்டுபோயா விடுறது?” என்று ஒரு வார்த்தை கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது. இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். அவள் இன்று தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறாள். இரவு பத்து மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போகிறாள். அது மட்டும் யாருக்கும் பயமாக இல்லை.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள். ஆனால் பயப்படும் முன் விசாரித்திருக்கலாம். சிந்தோக் போன்ற இடத்தில் விடுதி, சாப்பாட்டுக் கடைகள், நூலகம், விரிவுரை மண்டபம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. உள்ளே போய்வரப் பேருந்தும் இருக்கிறது. பக்கத்துப் பட்டணத்தில், யாரும் கண்காணிக்காத வாடகை வீட்டில் இருந்து, இரவு வகுப்பு முடிந்து தனியாக நடந்து வருவதைவிட இது பாதுகாப்பு இல்லையா? தூரம் வேறு, ஆபத்து வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இதே விசாரணை வேண்டும். கெடா, பீடோங் அருகே செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் வளாகத்துக்குள்ளேயே விடுதி உண்டு. கம்பாரில் இருக்கும் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலோர் சுற்றுவட்டார வாடகை வீடுகளில் தங்குகிறார்கள். கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கணக்கை மூடிவிடாமல், வாடகையையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

சோறும் துணையும்

விடுதிகளில் பொதுவாகச் சமைக்க விடுவதில்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிற பிள்ளை என்றால் அங்கே என்ன கிடைக்கும் என்று முன்னதாகவே மூத்த மாணவர்களிடம் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் மூன்று வேளையும் ரொட்டியும் மெகியும்தான்.

சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கோத்தா சமராஹானுக்கோ பிந்துலுவுக்கோ பிள்ளையை அனுப்புகிறவர்கள், பெருநாளுக்கு வீடு வந்து போக முடியுமா, விமான டிக்கெட் என்ன விலை என்று முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

நம் பிள்ளைகளுக்குத் துணையும் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கே தமிழ்ப் பேரவையும் உண்டு. ‘பேரவைக் கதைகள்’ தொகுப்பை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தஞ்சோங் மாலிமில், 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள். வேறு இடங்களிலும் இந்திய மாணவர் அமைப்புகள் இருக்கின்றன. பிள்ளை அங்கே ஒரு அண்ணனையோ அக்காவையோ தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பயம் தீர்ந்துவிடும். ஆனால் நம்மவர்களோடு மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்காமல் எல்லா இனத்தாரோடும் பழகச் சொல்லுங்கள். நாளைக்கு வேலை செய்யப்போவது அவர்களோடும்தான்.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

விண்ணப்பத்தில் வரிசை போடும் முன்பு ஒவ்வோர் இடத்துக்கும் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தப் பாடம் எந்த ஊர் வளாகத்தில் நடக்கிறது? கடைசி ஆண்டு வரை அங்கேயேதானா?
2. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் விடுதி கிடைக்குமா? எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?
3. கிடைக்காவிட்டால் வெளியே வாடகை எவ்வளவு?
4. விடுதியிலிருந்து வகுப்புக்கு வளாகப் பேருந்து உண்டா? இரவில் எத்தனை மணி வரை?
5. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வெள்ளி பிடிக்கும்?
6. வீட்டுக்கு வந்து போக எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு?

விடை சொல்லத் தகுந்தவர்கள் அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள். விளம்பரத்தில் எல்லா வளாகமும் பசுமையாகத்தான் இருக்கும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு நேரில் போய்ப் பாருங்கள். முக்கியமாக, வேண்டாம் என்று சொல்லக்கூடிய பெரியப்பாவையும் மாமாவையும் கையோடு கூட்டிப் போங்கள். கண்ணால் கண்டபின் அவர்களே “போகட்டும்” என்பார்கள்.

படிப்பு நல்லதாக இருந்து, கட்டிலும் உறுதியாக இருந்தால், ஊர் எவ்வளவு தூரமானாலும் பிள்ளையை அனுப்புங்கள். கிடைத்த இடத்தை விட்டுக்கொடுத்தால் அது நமக்காகக் காத்திருக்காது.

அடுத்த இதழில் கல்விக் கடனைப் பற்றிப் பார்ப்போம்.