திக்கிப் பேசுற பையனுக்கு கரிஸ்மா 16

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. இன்னைக்கு மருந்து மாத்திரை இல்லை, ஒரு விளையாட்டு. மருத்துவமும் வரும், பொறுமையா படிங்க.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. 1974-ல் அமெரிக்காவில் வந்தது. நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி விளையாடுறது. கதை நடத்த ஒருத்தர். மத்தபடி தாள், பென்சில், பகடை, அவ்வளவுதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்களுக்கு மார்க் உண்டு. உடல் வலு, சுறுசுறுப்பு, தாங்குசக்தி, அறிவு, விவேகம். ஆறாவது கரிஸ்மா, அதாவது அடுத்தவரைத் தன் பக்கம் இழுக்கிற வசீகரம்.

இந்த ஆறாவது மேலதான் பழைய சண்டை. "பேச்சுக்கு எதுக்குங்க மார்க்கு? விளையாடுறவனுக்கு வாய் இருக்கே, பேசட்டுமே" என்பது ஒரு கட்சி. போன மே மாசம் வரை நானும் அந்தக் கட்சிதான்.

லீவுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து ஆலங்குடி வந்திருந்தான். தெருப் பசங்களைச் சேர்த்து மொட்டை மாடியில் ஆட்டம். நானும் போய் உக்காந்தேன். அதுல ஒரு பையனுக்குத் திக்குவாய். பதிமூணு வயசு இருக்கும். கடைக்குப் போனாக்கூட சீட்டுல எழுதி நீட்டுற பிள்ளை. அவன் எடுத்துக்கிட்ட பாத்திரம் என்ன தெரியுமா? ஊர் ஊராப் போய்ப் பாடியும் பேசியும் பிழைக்கிற பாணன். கரிஸ்மா 16.

கோட்டை வாசல்ல காவல்காரன் மறிக்கிறான். "எங்க, பேசிக் காமி"ன்னு பசங்க சிரிக்கிறாங்க. எனக்கே சங்கடமாப் போச்சு. மருமகன் அசரலை. "எப்படிப் பேசுவேன்னு வேணாம்டா, என்ன சொல்லப் போறேன்னு மட்டும் சொல்லு."

பையன் நேரம் எடுத்து, திக்கித் திக்கிச் சொன்னான். காவல்காரன் மகளுக்குக் காய்ச்சல்னு சந்தையில பேசிக்கிட்டாங்கல்ல, அதை விசாரிச்சு, எங்கிட்ட மூலிகை இருக்குன்னு சொல்வேன். மத்தவங்க யாருக்கும் அது ஞாபகமே இல்லை! 20 முகப் பகடையில 11 விழுந்துச்சு. கரிஸ்மா 16-க்கு 3 கூட்டினா 14. கதவு திறந்துச்சு.

வாள் வீசுற பாத்திரத்தை எடுத்தவனை "எந்திரிச்சு வீசிக் காமி"ன்னு யாரும் கேட்கிறதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்? அந்த மார்க்கை எடுத்துட்டா, நிஜத்துல வாயாடியா இருக்கிறவனே ஆட்டத்திலும் ஜெயிப்பான். அதே நேரம், ஒண்ணுமே சொல்லாம "உருட்டிட்டேன், சம்மதிக்க வச்சுட்டேன்"னாலும் ஆட்டம் சப்புன்னு ஆயிடும். என்ன சொல்றதுன்னு பையன் யோசிக்கணும், எப்படிச் சொன்னான்ங்கிறதை மார்க் பாத்துக்கணும். மருமகன் செஞ்சது அதைத்தான்.

1977-ல் வந்த டிராவலர்ங்கிற விளையாட்டு இன்னும் உஷார். அதுல சமூக அந்தஸ்துக்கே தனி மார்க். எனக்குப் பிடிச்சது இதுதான். ஏன்னா பேச்சு எடுபடுறதும் எடுபடாததும் நாக்கை மட்டும் பொறுத்ததில்லை. வெள்ளை வேட்டிக்காரர் "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு"ன்னா உடனே ஈசிஜி. நூறு நாள் வேலைக்குப் போற அம்மா "நெஞ்சு கரிக்குது"ன்னா கேஸ் மாத்திரை. நானே அப்படி ஒருத்தரை அனுப்பிட்டு, மறுநாள் மாரடைப்போட பாத்திருக்கேன். அவங்க சரியாத்தான் சொன்னாங்க. என் காதுலதான் அவங்களுக்கு மார்க் கம்மி.

இப்ப திக்குவாய்க்கு வர்றேன். பெரும்பாலும் 2 முதல் 5 வயசுக்குள்ள தொடங்கும். நிறையப் பிள்ளைகளுக்குத் தானா சரியாகும். பெரியவங்கள்ல சுமார் நூத்துக்கு ஒருத்தருக்குத் தங்கிடும். புத்திக் குறைவு இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை. வாயில கூழாங்கல் போட்டுப் பேச வைக்கிறதெல்லாம் வேண்டாம், தொண்டையில சிக்கிக்கும். பாடும்போதும், பலரோட சேர்ந்து சொல்லும்போதும் பலருக்குத் திக்கல் குறையும். அந்தப் பையன் பாணனை எடுத்ததுல ஆச்சரியம் இல்லை.

இந்த ஆட்டம் வைத்தியம்னு நான் சொல்லலை. பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட காட்டணும். காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கேட்டா வழி சொல்வாங்க. அதுவரைக்கும் வீட்ல ஒண்ணு செய்ங்க: பிள்ளை திக்குறப்போ "மெதுவாப் பேசு"ன்னு சொல்லாதீங்க, மீதி வார்த்தையை நீங்க எடுத்தும் கொடுக்காதீங்க. அவன் முகத்தைப் பாத்துக்கிட்டு, முடிக்கிற வரைக்கும் காத்திருங்க.