அறக்கோட்டமும் பூட்டும்

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குத் தலைப்பு 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை'. எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். கணிகையின் மகள் ஒருத்தி சோழ மன்னனிடம் சிறையைத் திறந்துவிடக் கேட்கிறாள், அவனும் திறந்துவிடுகிறான். விக்டோரியா காலத்து இங்கிலாந்து இதைத் தலைகீழாகச் செய்தது. அறக்கோட்டம் கட்டி, கணிகையை உள்ளே வைத்து, சாவியைக் காப்பாளர் இடுப்பில் செருகியது.

அந்த இல்லங்களைப் பற்றி இன்று ஆராய்ச்சி செய்பவர்கள் ஸ்தாபனத்தின் ஆண்டறிக்கையை வரலாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் 'மீட்கப்பட்டார்கள்', எவ்வளவு நன்கொடை. அது சந்தா வசூலிக்க எழுதப்பட்ட காகிதம். 'வழுக்கி விழுந்தவள்' என்ற சொல்லையும் அதிலிருந்தே கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். நம் காப்பியங்களில் பரத்தை உண்டு, கணிகை உண்டு. அவர்களை இழிவாகப் பேசுவதும் உண்டு. ஆனால் அவர்கள் எங்கிருந்தும் விழுந்தவர்கள் அல்ல.

சார்லஸ் டிக்கன்ஸை எடுத்துக்கொள்வோம். பாங்க் வாரிசான ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸின் பணத்தில் 1847-ல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் 'யுரேனியா காட்டேஜ்' திறந்து, பெண்களைத் தேர்ந்து, திருத்தி, காலனிகளுக்குக் கப்பலேற்ற ஏற்பாடு செய்தார். உள்ளே உண்மை, உழைப்பு, சுத்தம் என்று ஒன்பது தலைப்புகளில் தினசரி மார்க். நார்ஃபோக் தீவின் கைதிகளுக்காக மக்கனாக்கி வகுத்த முறை அது. ஒவ்வொருத்தியும் தன் கதையை டிக்கன்ஸிடம் ஒரு முறை சொல்ல வேண்டும். பிறகு யாரிடமும் சொல்லக் கூடாது. அவர் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் தொலைந்துவிட்டது. நாவலாசிரியனுக்குக் கதை கிடைத்தது. கதைக்குச் சொந்தக்காரிக்கு வாய்ப்பூட்டு. எழுத்தாளர்களாகிய நமக்கு இதில் உறுத்த வேண்டியது இருக்கிறது.

இங்கே இந்தக் கருணையும்கூட முதலில் வரவில்லை. முதலில் வந்தது சிப்பாய்களின் உடம்பைப் பற்றிய கவலை. 1868-ன் தொற்றுநோய்ச் சட்டத்தில் பெண்ணைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை நடத்தி, லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். 1888-ல்தான் அது ரத்தாயிற்று. விழுந்த பெண்களுக்கு அவர்கள் சொன்ன 'ரெக்ளமேஷன்' மதுரை ஜில்லாக்காரர்களுக்குப் பழகிய வார்த்தை. பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரையாகப் பதிவு செய்து, 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் சுட்ட அரசு, அவர்களுக்கென்று வகுத்த திட்டத்துக்கும் வைத்த பெயர் 'கள்ளர் ரெக்ளமேஷன்'. தரிசு நிலம், கள்ளன், தாசி மூன்றும் ஒரே ரிஜிஸ்தரில்.

முத்துலட்சுமி ரெட்டியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடுவது இப்போது சுலபம். நான் அதற்கு உடன்படவில்லை. தேவதாசிக் குடும்பத்துத் தாய்க்குப் பிறந்தவர் அவர். மற்ற விடுதிகள் சேர்க்க மறுத்த அந்தக் குலத்துப் பெண்களுக்காக அவர் திறந்த ஔவை இல்லம் பள்ளிக்கூடமாக வளர்ந்தது. ஆனால் 1927-ல் அவர் பொட்டுக்கட்டு ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தபோது, எங்களை விபசாரிகளோடு சேர்க்காதீர்கள், கல்வி கொடுங்கள் என்று தேவதாசிகள் சங்கம் அமைத்து மனுப் போட்டதை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அதே குலத்திலிருந்து வந்து, பொட்டுக்கட்டுவதை எதிர்த்து 1936-ல் நாவலே எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரையும் ஆண்டறிக்கைகளில் காண முடியாது. உள்ளிருந்து எழுந்த குரல்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டன. வெளியிலிருந்து வந்த கருணைக்கு ஒரே குரல்தான்.

விக்டோரியா போய்விட்டாள், பூட்டு போகவில்லை. 1956-ன் விபசாரத் தடுப்புச் சட்டப்படி, எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத, 'மீட்கப்பட்ட' பெண்ணையே பாதுகாப்பு இல்லத்தில் மூன்றாண்டு வரை வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம். விருப்பத்துக்கு மாறாக அங்கே அடைபட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, காலக்கெடு வைத்து விடுவிக்க வேண்டும் என்ற பரிந்துரையை உச்ச நீதிமன்றம் தன் உத்தரவில் சேர்த்தது 2022 மே மாதத்தில்.

மதுரையின் ஜி. நாகராஜன் 1974-லேயே 'நாளை மற்றுமொரு நாளே' எழுதிவிட்டார். கந்தனின் மனைவி மீனா தொழில் செய்பவள். நாவல் அவளைத் திருத்தக் கிளம்புவதில்லை; அவளுக்காகக் கண்ணீர் விடுவதுமில்லை. நம்மவர்களோ இன்னும் கடைசிப் பக்கத்தில் அவளை டீச்சராக்குகிறார்கள், அல்லது கிணற்றில் தள்ளுகிறார்கள்.

இல்லங்களை ஆராயப் போகிறவர்கள் மீட்கப்பட்டவர்கள் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கட்டும். டிக்கன்ஸ் 1853-ல் தன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலேயே ஓடிப்போனவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆராய்ச்சியை அங்கிருந்து தொடங்கலாம்.