கம்பம் பள்ளத்தாக்கில் தங்கம் தேட எந்த மெஷின் வாங்கலாம்?

தேனிப் பக்கம் புதையல் கதை இல்லாத ஊரே கிடையாது. மலையடிவாரத்தில் ஒரு பாழடைந்த மண்டபம் இருந்தால் போதும். அதற்கடியில் ஒரு தங்கக் கிடாரம், அதைக் காக்க ஒரு பூதம், தோண்டப் போய் ரத்தம் கக்கிச் செத்த ஒரு ஆள் என்று மூன்றும் தயாராக இருக்கும். தாத்தாக்கள் காலத்தில் இதற்கு மை போட்டுப் பார்த்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் யூட்யூப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தொப்பி போட்ட ஒருவர் வட்டத்தட்டு மாட்டிய கம்பை மண்ணில் ஆட்டுகிறார், 'கீங்' என்று சத்தம் வருகிறது, குனிந்து தோண்டுகிறார், கையில் தங்கக்கட்டி! அடுத்த நிமிடம் கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒருவர் "ஆரம்பநிலைக்கு எந்த மெட்டல் டிடெக்டர் நல்லது?" என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை எந்தக் கடைக்காரரும் கேட்க மாட்டார். மெஷினை எந்த மண்ணில் ஆட்டப் போகிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் அது நடப்பதற்குக் காரணம் மெஷின் இல்லை, மண். விக்டோரியா மாநிலத்தில் தங்கம் கட்டிகட்டியாக, தரைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. 1869-ல் மோலியாகுல் என்ற ஊரில் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற கட்டி சுமார் 70 கிலோ தங்கம். அது இருந்தது மண்ணுக்கு அடியில் சில சென்டிமீட்டர் ஆழத்தில். 1980-ல் கெவின் ஹில்லியர் என்பவர் கிங்கோவருக்குப் பக்கத்தில் மெட்டல் டிடெக்டரை வைத்தே 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெயித்' கட்டியை எடுத்தார். உலகம் முழுக்க இந்தக் கருவி விற்பதற்கு அந்த ஒரு கட்டி செய்த விளம்பரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தியத் தங்கத்தின் குணம் வேறு. கோலாரை எடுத்துக்கொள்ளலாம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி ஆரம்பித்து 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கம். 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம். இதற்காகச் சாம்பியன் ரீஃப் பகுதியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமாகப் போக வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைத்தது சில கிராம். அந்தப் பாறையைக் கையில் வைத்துப் பார்த்தாலும் தங்கம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பொடிக்கு மெட்டல் டிடெக்டரும் சத்தம் போடாது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்: டிடெக்டர் கண்டுபிடிப்பது தங்கத்தை அல்ல, கட்டியை.

தமிழ்நாட்டுக்குள் வந்தால், நீலகிரியின் கூடலூர் - பந்தலூர் - தேவாலா பக்கம் நிஜமாகவே தங்கம் உண்டு. (கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர் இல்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஏமாறுபவர்களும் இருக்கக்கூடும்!) அங்கேயும் அது குவார்ட்ஸ் பாறைக்குள் நுணுக்கமாகக் கிடப்பது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் நிலம்பூரில் சாலியாற்று மணலை மரத்தட்டில் அலசித் தங்கப்பொடி எடுக்கும் வழக்கம் உண்டு. தட்டும் தண்ணீரும்தான் அங்கே கருவி.

அந்த வயநாட்டுத் தங்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது, வணிகவியல் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த பிரப் ஸ்மித் என்பவரை அழைத்துவந்து ஆராயச் சொன்னார்கள். அவர் 1880-ல் நம்பிக்கையூட்டும் அறிக்கை கொடுத்தார். உடனே லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்து, பங்கு விற்று, பல லட்சம் பவுண்டு திரட்டிவிட்டார்கள். காப்பித் தோட்டங்கள் எக்கச்சக்க விலைக்குக் கைமாறின. இயந்திரங்கள் மலையேறின. இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. தங்கம் இல்லாமல் போகவில்லை, இருந்தது. செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவு இல்லை, அவ்வளவுதான். தோட்டத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்கள்தான் அந்தத் தங்க வேட்டையில் தங்கம் பார்த்தவர்கள்.

சரி, தேனிக்கு வருவோம். இந்த மாவட்டத்துப் பாறை பெரும்பாலும் சார்னாக்கைட், நைஸ் வகை. (கல்கத்தாவை உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை. அதிலிருந்து வந்ததுதான் பெயர்.) பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க போடி மேற்கு மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தப் பாறை உறுதியாக, ஒரே திரளாக இருப்பதும் ஒரு காரணம். அந்தத் திட்டம் எதிர்ப்பில் நின்றுபோனது வேறு கதை. தங்கத்துக்குப் பேர்போன கோலார் பாறைப் பட்டை வேறு ஜாதி, அதன் தெற்கு வால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குள் போகிறது, தேனிக்கு வரவில்லை.

ஆக, கம்பம் பள்ளத்தாக்கில் தங்கக்கட்டி தேடுவதற்கென்றே ஒரு மெஷின் வாங்குவது, வைகை அணையில் திமிங்கிலம் பிடிக்க வலை வாங்குவது மாதிரி. வலை நல்ல வலையாகவே இருக்கலாம்.

மெஷின்களின் விஷயத்தைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. விற்பனையில் இருப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று வி.எல்.எஃப். எனப்படும் குறைந்த அலைவரிசைக் கருவி. இன்னொன்று பல்ஸ் இண்டக்‌ஷன். முதல் வகையில் தங்கத்துக்கென்று செய்தவை அதிக கிலோஹெர்ட்ஸில் ஓடும். மைன்லேப் கம்பெனியின் கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷரின் கோல்ட் பக் 2 என்பது 71. அலைவரிசை கூடக்கூட அரிசிக் குருணை அளவு கட்டியைக்கூடப் பிடிக்கும். ஆனால் கூடவே மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுவுக்கும் கத்த ஆரம்பிக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்துச் செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆற்றுமணலில் கறுப்பாகக் கோடு போட்டுக் கிடப்பதில் மேக்னடைட் இருக்கும். 'கிரவுண்ட் பேலன்ஸ்' செய்யத் தெரியாத புது ஆள் அந்த மண்ணில் மெஷினை வைத்தால், அரை மணி நேரத்தில் காது வலித்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

பல்ஸ் இண்டக்‌ஷன் வகை இந்த மண் தொல்லையைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஆழமும் போகும். ஆனால் விலை பெரும்பாலும் பல ஆயிரம் டாலர். தவிர, ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்வதில் அது பலவீனம். கம்பம் பள்ளத்தாக்கில் அது எப்பேர்ப்பட்ட குறை என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டி ஓடிய தடம் அத்தனையிலும் லாட ஆணி. வயலில் கலப்பைக் கொழு முனை. திராட்சைத் தோட்டம் என்றால் தலைக்கு மேலேயே இரும்புக் கம்பிப் பந்தல், உள்ளே நுழைந்தாலே மெஷின் அழும்.

தலைக்கு மேல், கட்டிலுக்குக் கீழ் என்று இருக்கும் இரும்பு எப்படிக் கெடுக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணமே இருக்கிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது உடம்புக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோன் கண்ட கிரகாம் பெல் ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு ஓடினார். மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள் சத்தத்தைக் குழப்பியது, மருத்துவர் தவறான பக்கத்தில் மட்டுமே தேடவும் விட்டார். குண்டு கிடைக்கவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. பெல்லுக்கே அந்தக் கதி.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் வாங்கியே தீருவேன் என்றால் என்ன வாங்கலாம்? தங்கத்துக்கென்று தனி மெஷின் வேண்டாம். 18, 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் அல்லது பல அலைவரிசையில் ஓடும், எல்லாவற்றுக்கும் பயன்படும் சாதாரண வி.எல்.எஃப். போதும். கிரவுண்ட் பேலன்ஸைக் கையால் மாற்றும் வசதி இருக்க வேண்டும். காயில் 'டபுள் டி' வகையாக இருந்தால் செம்மண்ணில் கொஞ்சம் அடங்கி நடக்கும். தண்ணீரில் நனையக்கூடிய காயில் வேண்டும், ஏனென்றால் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கம் நிஜமாகவே தொலைகிற இடம் தண்ணீர்தான். சுருளியில் குளிக்கிறபோது கழன்ற மோதிரம், முல்லையாற்றுப் படித்துறையில் விழுந்த தோடு, நாற்று நடும்போது சேற்றில் போன மூக்குத்தி. பெரியாறு தண்ணீர் பாயும் இருபோக நிலம் மட்டுமே 14,707 ஏக்கர் என்பார்கள். அந்தச் சேற்றுக்குள் போன நகைகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? தொலைத்தவர் கூப்பிட்டு, நிலத்துக்காரர் சம்மதித்து, தேடி எடுத்துக் கொடுத்தால் அது மரியாதையான வேலை. பழகுவதற்கு மீன்பிடி ஈயக்குண்டைப் பல அளவில் வாங்கித் தோப்பில் புதைத்து வைத்துத் தேடலாம். ஈயத்தின் சத்தம் தங்கத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும். சிகரெட் அட்டையின் அலுமினியத்தாளும் அப்படியேதான் சத்தம் போடும் என்பது பழகும்போது தெரியவரும் சோகம்.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. இயற்கையாகக் கிடக்கும் தங்கம் கனிமம். 1957-ஆம் வருடத்துக் கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைத் தேடுவதே குற்றம், 2015 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம் வரை சிறை. விக்டோரியாவில் ஒரு சின்னக் கட்டணம் கட்டிப் பத்து வருடத்துக்கு 'மைனர்ஸ் ரைட்' வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தேடலாம், இங்கே அப்படி ஒரு சீட்டு கிடையாது. யாரோ புதைத்து வைத்தது கிடைத்தால் அது வேறு சட்டம்: 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாய்தான்! மறைத்தால் கிடைக்க வேண்டிய பங்கும் போகும், ஒரு வருடம் வரை உள்ளேயும் இருக்கலாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு என்றால் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மேகமலைப் பக்கம் போனால் 2021 முதல் அது புலிகள் காப்பகம், கடப்பாறையோடு பிடிபட்டால் வனத்துறையிடம் யூட்யூபைக் காட்டித் தப்பிக்க முடியாது.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைச் சுத்தம் செய்தபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசு, 1.716 கிலோ கிடைத்தது. மெஷின் இல்லை, மண்வெட்டிதான். தேனி மாவட்டத்தின் நிஜமான புதையலும் மெஷினில் மாட்டாத வகை. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்துள்ள நடுகற்கள். கல்லுக்கு டிடெக்டர் சத்தம் போடாது. ஆனால் அந்த மாதிரி இடத்தில் தங்கம் தேடுகிறேன் என்று இரவில் குழி போட்டால், எது எதற்குப் பக்கத்தில் எந்த ஆழத்தில் இருந்தது என்ற தகவல் போய்விடும். பிறகு எந்தப் பேராசிரியர் வந்தாலும் அதைத் திரும்ப வைக்க முடியாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். மெஷின் விலையை வாங்குகிற அன்றைய ஒரு கிராம் தங்க விலையால் வகுத்தால், போட்ட காசை எடுக்க எத்தனை கிராம் வேண்டும் என்பது வரும். ஆயிரம் டாலர் மெஷினுக்கு அதுவே கிராம் கணக்கில்தான் வரும், பார்க்கச் சின்ன எண். அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் தேடப் போன ஒவ்வொரு நாளும் ஏலத்தோட்டத்துக்கோ கடைக்கோ போயிருந்தால் வந்திருக்கும் கூலியை யாரும் சேர்ப்பதில்லை. வாய்ப்புச் செலவு என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதுவது இதைத்தான். அதைச் சேர்த்து, கட்டியே இல்லாத மண்ணால் வகுத்தால் விடை வராது.

இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது. நிஜ மெஷின் வாங்கியவர் ஏமாந்தாலும் கையில் ஒரு பொருள் மிஞ்சும், பாதி விலைக்காவது விற்கலாம். பலர் வாங்குவது நிஜ மெஷினே இல்லை. 'லாங் ரேஞ்ச் லொகேட்டர்' என்ற பெயரில் இரண்டு ஆண்டெனாக் கம்பி வைத்த ஒரு பிடி. ஒரு கிலோமீட்டர் தள்ளி, முப்பது அடி ஆழத்தில் தங்கம் இருந்தாலும் கம்பி தானாகத் திரும்புமாம்! கையடக்கக் கருவி ஒன்று மோதிர அளவுப் பொருளைப் பிடிப்பது ஒரு சாண், மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேல். ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர் தொலைந்த கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை மாதிரியாக வைத்து ஏ.டி.ஈ. 651 என்று ஒன்றைச் செய்து, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று ஈராக் அரசுக்கே விற்றார். சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் அதை நம்பி நின்றார்கள். உள்ளே வேலை செய்யும் மின்னணு எதுவும் கிடையாது. 2013-ல் அவருக்குப் பத்து வருடச் சிறை கிடைத்தது. ஒரு அரசாங்கத்தையே ஏமாற்றிய கம்பிக்குக் கம்பத்து இளைஞர் எம்மாத்திரம்? தமிழ்நாட்டில் 'ரைஸ் புல்லிங்' இரிடியம் கலசம் என்று பிடிபட்ட கும்பல்கள் எத்தனையோ. அரிசியை இழுக்கும் செம்பும் தங்கத்தை நோக்கித் திரும்பும் கம்பியும் ஒரே குடும்பம்.

இந்தக் கம்பி ஆசாமிகளைப் பிடிக்க ஒரு கைக்காசு செலவில்லாத சோதனை இருக்கிறது. பத்துக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். விற்பவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் ஏதாவது ஒன்றுக்கு அடியில் மோதிரத்தை வைத்துவிட்டு அவரும் அந்த இடத்தைவிட்டுப் போய்விட வேண்டும், அவர் முகத்தைப் பார்த்து யாரும் ஊகிக்கக்கூடாது. இப்போது கம்பியோடு வரச் சொல்லலாம். பத்துத் தடவை செய்தால் குருட்டாம்போக்கில் ஒரு தடவை சரியாக வரும். சாதாரண வி.எல்.எஃப். மெஷின் பத்துக்குப் பத்து காட்டும். கம்பி ஆசாமி அநேகமாக முதல் தடவைக்கே வரமாட்டார். இன்றைக்கு அமாவாசை, கம்பி வேலை செய்யாது என்பார்.